பின்ஹாம் மடாலயம்: உங்கள் மனதை விட்டுப் போகாதது எது?

கடற்காற்று:
இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் போனவர்களுக்கு பின்ஹாம் தெரிந்திருக்கும். நான் அங்கே கோயிலுக்குள் இருக்கும் பழைய மரத்தடுப்புப் பலகைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மன்னர் எட்டாம் ஹென்றி 1539இல் மடத்தை மூடினார். பலகையில் தீட்டியிருந்த புனிதர்கள் மேல் வெள்ளையடித்து, கறுப்பு எழுத்தில் ஆங்கில பைபிள் வசனம் எழுதிவிட்டார்கள். இப்போது வெள்ளை உதிர்கிறது. வசனத்தைப் பார்க்கக் குனிந்தேன், எழுத்துகளுக்கு அடியிலிருந்து ஏசு என்னைப் பார்க்கிறார். கை தானாகக் குவிந்துவிட்டது. நான் கிறிஸ்தவள்கூட இல்லை. கோயிலையே இடித்தவர்கள் இந்தப் பலகையை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

கல்தேடி:
கோயில் முழுவதையும் இடிக்கவில்லை சகோதரி. நடுக்கூடம் ஊர்மக்கள் வழிபட்ட இடம், அதனால் தப்பியது. இன்றும் ஊர்க்கோயில் அதுதான். பலகை பிழைத்ததும் அதனால்தான் என்பது என் எண்ணம். போனது துறவிகளின் கிழக்குப் பகுதி. கடைசியில் இருந்ததே ஆறு பேர். இடம் பாஸ்டன் குடும்பத்தின் கைக்குப் போனது. பின்னால் எட்வர்ட் பாஸ்டன் அங்கே மாளிகை கட்ட இறங்கியபோது சுவர் விழுந்து வேலையாள் ஒருவர் செத்தார் என்று பழைய வரலாற்றாய்வாளர் ஹென்றி ஸ்பெல்மன் எழுதியிருக்கிறார். அதோடு அங்கே கட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டாராம்.

நான் போன அன்று மழை. கிழக்கே ஒரு தூணோரம் ஒதுங்கினேன். செதுக்கிய வெளிக்கல்லை உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே திணித்த சிக்கிமுக்கிக் கல்லும் சாந்தும்தான் மிச்சம். தோலுரித்த உடம்பைத் தொட்டது போல் இருந்தது.

மாலைவெயில்:
இரண்டு பேருமே மேற்கு முகப்பைச் சொல்லவில்லையே! அந்தக் காலத்துத் துறவி, வரலாறு எழுதிய மேத்யூ பாரிஸின் குறிப்பை வைத்து அதை 1244க்கு முன் எழுந்தது என்கிறார்கள். லண்டனின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் மன்னர் மூன்றாம் ஹென்றி வேலை தொடங்கியதே 1245இல்தான், இது அதற்கும் முந்தியது! பெரிய ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சாயங்காலம் போங்கள், வெயில் முகப்பில் நேராக விழும். புல் ஈரமாக இருக்கும், நல்ல பூட்ஸ் போடுங்கள். ஞானஸ்நானத் தொட்டியை எட்டுப் பக்கமும் சுற்றிப் பாருங்கள், திருச்சபையின் புனிதச் சடங்குகளான ஏழு அருட்சாதனங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். யாத்திரைத் தலமான வால்சிங்ஹாம் பக்கத்தில்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதை. அலெக்ஸாண்டர் டி லாங்லி என்ற துறவி படித்துப் படித்தே புத்தி பேதலித்தவராம். தலைமை மடமான செயின்ட் ஆல்பன்ஸிலிருந்து இங்கே அனுப்பிச் சங்கிலியில் பூட்டி வைத்தார்கள். செத்த பிறகும் கழற்றவில்லை, சங்கிலியோடே புதைத்தார்கள். அதைப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அந்தப் புல்வெளியில் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன்.