என்எச்எல் ஐஸ் ஹாக்கி, 2025 டிசம்பர் 18. ஃப்ரீஸுக்கு முன்னாடி ட்ரேட், மயாமியில வெளிமைதான ஆட்டம்: ரெண்டு சந்தேகம்

நாலாவது_லைன்:

டிஃபென்ஸ்காரர் குயின் ஹியூஸ் வன்கூவர்ல இருந்து மினசோட்டா போய் ஒரு வாரம் ஆகப்போகுது. பதிலுக்குப் போனது ரோஸ்ஸி, புயம், ஓக்ரென், அதோட 2026 முதல் சுற்று பிக் (புது இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கற உரிமை). மினசோட்டா அள்ளிக் கொடுத்துட்டாங்கன்னு பாதிப் பேர், சும்மா தூக்கிட்டாங்கன்னு மீதிப் பேர். நாளை ராத்திரியோட ஹாலிடே ரோஸ்டர் ஃப்ரீஸ் வேற. 28ஆம் தேதி வரைக்கும் எந்த ட்ரேடும் கிடையாது.

என் சந்தேகம் இதுதான். கேப்ல (டீம் சம்பள உச்சவரம்பு) ஒரு மில்லியன் டாலர் இடம் வச்சிருக்கற டீமுக்கு என்ன வழின்னு கேட்டா "மார்ச் 6 டெட்லைன் வரை பொறுங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. பொறுத்தா என்ன கிடைக்கும்? இடையில மூணாவது டீம் ஒண்ணு நுழைஞ்சு சம்பளத்துல பங்கு எடுத்துக்குமே, புது விதிகளுக்கு அப்புறம் அது இன்னும் நடக்குமா?

ரெண்டாவது, ஜனவரி 2 மயாமியில ரேஞ்சர்ஸ் - பாந்தர்ஸ். பிப்ரவரி 1 டாம்பாவுல லைட்னிங் - ப்ரூயின்ஸ். ஃபுளோரிடாவுல ஐஸ் போட்டு, அதுல ஜெயிச்சவனுக்கு நிஜமான ரெண்டு பாயிண்டும் கொடுக்கறாங்க. ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் இருக்கற நெருக்கத்துல இது நியாயமா? 2021ல லேக் டாஹோவுல ஐஸ் இளகின கூத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

கேப்_கணக்கன்:

ட்ரேட் பக்கத்துக்கு மட்டும் பதில் சொல்றேன். ஐஸ் விஷயத்துக்கு மேஸ்திரி வருவார்.

கேப் இடத்தை வருஷக் கணக்குல பார்த்தா புரியாது. அது நாள் கணக்கு. இந்த 2025-26 சீசன் அக்டோபர் 7 முதல் ஏப்ரல் 16 வரை 192 நாள். ஒரு ஆட்டக்காரரோட கேப் ஹிட்டை (கேப்ல அவர் பேர்ல விழற வருஷச் சம்பளக் கணக்கு) 192ஆல வகுத்து, அவர் ரோஸ்டர்ல இருக்கற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துண்டு கழிப்பாங்க. முதல் நாள்ல இருந்து 1 மில்லியன் காலியா வச்சிருக்கற டீம், தினமும் அந்தத் துண்டை உண்டியல்ல போட்டுக்கிட்டே வருது. இன்னிக்கு உடைச்சா மிச்சம் 120 நாள். 192ஐ 120ஆல வகுங்க, 1.6 மில்லியன் ஹிட் உள்ள ஆளை வாங்கலாம். மார்ச் 6ல மிச்சம் சுமார் 42 நாள்தான், அப்போ அதே சேமிப்புக்கு 4.5 மில்லியன் ஆள் வருவார். பொறுக்கச் சொல்றது இதுக்குத்தான்.

இங்க நிறைய பேர் சறுக்கற இடம் எல்டிஐஆர், அதாவது நீண்டகாலக் காயப் பட்டியல். அதை நம்பி கேப்பைத் தாண்டிப் போன டீமுக்கு உண்டியலே கிடையாது. சேமிப்பு சேராது. "எங்களுக்கும் மார்ச்ல இடம் இருக்கும்"னு அந்த டீம் ரசிகர் சொன்னா நம்பாதீங்க.

அடுத்து மூணாவது டீம். 2023 பிப்ரவரியில ரயன் ஓ'ரைலி டொராண்டோ வந்ததை எடுத்துக்குங்க. கேப் ஹிட் 7.5 மில்லியன். செயின்ட் லூயிஸ் பாதியை வச்சுக்கிச்சு, 3.75. மினசோட்டா நடுவுல நுழைஞ்சு மிச்சத்துல பாதியை எடுத்துக்கிச்சு, 1.875. டொராண்டோ கணக்குல விழுந்தது வெறும் 1.875. மினசோட்டாவுக்குக் கூலியா ஒரு நாலாவது சுற்று பிக். ஒரு ஒப்பந்தத்துல ரெண்டு தடவைதான் இப்படிப் பிடிச்சு வைக்கலாம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 50 சதவீதம், ஒரு டீம் ஒரே நேரத்துல மூணு ஒப்பந்தத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது.

இந்த சீசன்ல மாறினது என்னன்னா, முதல் ரிடென்ஷனுக்கும் (இப்படிச் சம்பளப் பங்கைப் பிடிச்சு வைக்கறது) ரெண்டாவதுக்கும் நடுவுல 75 ரெகுலர் சீசன் நாள் இடைவெளி வேணும். ஓ'ரைலி மாதிரி ஒரே மூச்சுல ரெண்டு தடவை பாதியாக்கற வித்தை இனி கிடையாது. ஆனா மூணாவது டீம் ஒழிஞ்சுதுன்னு முடிவு கட்டாதீங்க. 2025 ஜனவரியில ரன்டனென் கரோலினா போனப்போ கொலராடோ ஒரு பைசா கூட வச்சுக்கலை. சிகாகோ வழியா போனார், சிகாகோ மட்டும் 9.25 மில்லியன்ல பாதியை எடுத்துக்கிச்சு. அது ஒரே ரிடென்ஷன். அந்த வடிவம் இன்னிக்கும் செல்லும்.

ஹியூஸ் விலைக்கு வருவோம். அவர் ஒப்பந்தம் 7.85 மில்லியன்ல 2026-27 முடிய இருக்கு. வாங்கினவனுக்கு ரெண்டு ப்ளேஆஃப் நிச்சயம். ரன்டனென் வந்தப்போ ஆறு மாசத்துல ஒப்பந்தம் முடியற ஆள். கரோலினாவுல கையெழுத்துப் போட மனசில்லைன்னு தெரிஞ்சதும் மார்ச் 7 அன்னிக்கே டாலஸுக்குத் தள்ளி விட்டாங்க. கிடைச்சது ஸ்டான்கோவன், ரெண்டு முதல் சுற்று, ரெண்டு மூணாவது சுற்று. அப்புறம் ப்ளேஆஃப் ஏழாவது ஆட்டத்துல பழைய டீம் கொலராடோ மேலயே அவர் ஹாட்ரிக் போட்டது தெரிஞ்ச கதை. என் கணக்குல ஹியூஸுக்கு மினசோட்டா கொடுத்தது அதிகமில்லை. ஆபத்து வேற இடத்துல இருக்கு. 2026 ஜூலை 1க்கு முன்னாடி அவரால நீட்டிப்பு போட முடியாது. செப்டம்பர் 16ல புது ஒப்பந்தச் சட்டம் வந்துட்டா சொந்த டீம் கூட 7 வருஷம்தான் கொடுக்கலாம், இப்போ இருக்கற 8 போயிடும். நடுவுல இருக்கற அந்த ரெண்டரை மாசத்துலதான் இந்த ட்ரேட் நல்லதா கெட்டதான்னு தெரியும்.

ஐஸ்_மேஸ்திரி:

டாஹோவைச் சொல்லி வெயில் ஊரைப் பயமுறுத்தறாங்க. டாஹோவுல காத்து குளிராத்தான் இருந்துச்சு. கெடுத்தது சூரியன்.

2021 பிப்ரவரி 20, வேகஸ் - கொலராடோ, பகல் 12 மணிக்கு ஆரம்பம். மேகமே இல்லாத மலை வானம். வெயில் ஐஸை ஊடுருவி உள்ளே இருக்கற பெயின்ட் வரை போகும். வெள்ளைப் பரப்பு பெரும்பாலும் திருப்பி அனுப்பிடும். நீலக்கோடு, சிவப்புக்கோடு, லோகோ எல்லாம் சூட்டை வாங்கி வச்சுக்கும். மேல கெட்டியா தெரியற ஐஸ் அடியில இளகிடும், ஸ்கேட் பட்டா பள்ளம். முதல் பீரியடோட நிறுத்திட்டு ராத்திரி 9 மணிக்குத்தான் மறுபடி ஆரம்பிச்சாங்க. கொலராடோ 3-2. மறுநாள் ப்ரூயின்ஸ் - ஃப்ளையர்ஸ் ஆட்டத்தையும் சாயங்காலத்துக்குத் தள்ளினாங்க, அதுல பிரச்சினையே இல்லை.

இதோட 2014 ஜனவரி டாட்ஜர் ஸ்டேடியத்தை ஒப்பிடுங்க. லாஸ் ஏஞ்சலஸ், சுமார் 17 டிகிரி, ராத்திரி ஆட்டம். டக்ஸ் 3-0. ஐஸ் நல்லாவே தாங்குச்சு. சூட்டைக் குளிர்பதன யூனிட் சமாளிக்கும், நேர் வெயிலை அதால சமாளிக்க முடியாது. மயாமி ஆட்டம் ராத்திரி 8 மணி, டாம்பா 6.30. நேரத்தைப் பார்த்தாலே பாடம் படிச்சிருக்காங்கன்னு தெரியுது.

வேலை எப்படி நடக்குதுன்னா: 53 அடி ட்ரெய்லர்ல 300 டன் திறன் உள்ள குளிர்பதன யூனிட். மைதானத்து மேல தட்டு விரிச்சு, மட்டம் பார்த்து, அதுக்கு மேல அலுமினியத் தட்டுகளை அடுக்குவாங்க. அதுக்குள்ள சுமார் 3,000 கேலன் கிளைக்கால் (உறையாத குளிர்த்திரவம்) சுத்திக்கிட்டே இருக்கும். தண்ணியை அப்படியே ஊத்த மாட்டாங்க. பனித்துளி மாதிரி பீய்ச்சி, ஒரு படலம் உறைஞ்சதும் அடுத்தது. மொத்தம் கிட்டத்தட்ட 20,000 கேலன். உள்ளரங்கத்துல ஒண்ணேகால் அங்குலம் இருந்தா போதும், வெளிய 2 அங்குலம் வரை ஏத்துவாங்க. ஐஸோட வெப்பநிலை மைனஸ் 5.5 டிகிரி பக்கம் நிக்கணும். பகல்ல மேல வெளிச்சத்தைத் திருப்பற போர்வை போட்டு மூடி வைப்பாங்க.

அவசரப்பட்டுத் தடிமனா ஊத்தினா நடுவுல காத்துக் குமிழி மாட்டிக்கும். அந்த இடம் பாளம் பாளமா பெயரும். மழை பேஞ்சா இன்னும் மோசம், துளி விழுந்த இடத்துலயே மேடு மேடா உறையும், தள்ளித் தள்ளித்தான் எடுக்கணும். 2011ல பிட்ஸ்பர்க் வின்டர் கிளாசிக் மதியம் 1ல இருந்து ராத்திரி 8க்கு மாறினது மழையாலதான்.

ஃபுளோரிடாவுல எனக்கு இருக்கற ஒரே கவலை ஈரப்பதம். ஈரக்காத்து குளிர்ந்த ஐஸ் மேல பட்டா வெண்படலமா உறைஞ்சு உட்காரும், பக் (ஆட்டத்துல அடிக்கற ரப்பர் வட்டு) ஓடாது, ஒட்டிக்கிட்டு நிக்கும். மயாமியில மூடற கூரை இருக்கறதால ஏசி போட்டு உலர்த்தி வச்சுக்கலாம். கூரை திறந்த பிறகு ரெண்டரை மணி நேரம் தாங்கினா போதும்.

அதிகக் குளிரும் கெடுதல்தான். 2022 ஜனவரி 1 மினியாபொலிஸ்ல மைனஸ் 21. அங்க ஐஸ் ரொம்ப இறுகி கண்ணாடி மாதிரி சில்லு சில்லா உடையக் கூடாதுன்னு கிளைக்காலைச் சூடு பண்ணி அனுப்ப வேண்டியிருந்தது.

ஸ்காபரோ_வலது_விங்:

மேஸ்திரி சொன்னதில பிழை இல்லை. ஆனா மயாமியை வெளிமைதான ஆட்டம் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. கூரையைப் பூட்டி வைச்சு ஐஸ் போட்டு, ஆட்டம் துவங்கேக்க திறந்து விடுறதுக்குப் பேர் வேற. 2003 எட்மன்டனில மைனஸ் 18க்குக் கீழ, 57,167 சனம் குந்தியிருந்து பார்த்தது. கோலி (கோல் காக்கிறவர்) தியோடோர் முகமூடிக்கு மேல கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நிண்டவர். அதோட பார்த்தால் இது தொலைக்காட்சிக்குச் செய்யிற அலங்காரம்.

பாயிண்ட் விஷயத்தில நாலாவது லைனோட எனக்கு உடன்பாடில்லை. ரெண்டு டீமுக்கும் ஒரே ஐஸ். வித்தியாசம் வாறது திசையால. ஒரு பக்கம் காத்து முகத்தில அடிக்கும், ஒரு கோலிக்குக் கண்ணுக்கு நேர வெயில் விழும். அதுக்காகத்தான் மூண்டாவது பீரியடில 10 நிமிசம் முடிய பக்கம் மாத்துறவை. வெயில் கூசினால் ஆட்டத்தையே பிந்தித் துவங்குவினம்: 2012 பிலடெல்பியாவில 1 மணி ஆட்டம் 3 மணிக்குப் போனது, 2014 யாங்கி ஸ்டேடியத்திலயும் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிந்தினது.

உண்மையில ஆட்டம் மாறுறது பக் பாயிறதால. நடுக்கோட்டைத் தாண்டி நீளமாப் பாஸ் குடுத்தால் பாதியில துள்ளும். கெட்டிக்காரக் கோச் சின்னச் சின்னப் பாஸ் குடுக்கச் சொல்லுவார், டிஃபென்ஸ்காரர் பலகையில அடிச்சு வெளியில எடுப்பினம். ஸ்கேட் தீட்டுறதிலயும் கவனம் வேணும். பிளேட்டின்ர அடியில தீட்டுற பள்ளத்தின்ர ஆரம் கூடினால் ஆழம் குறையும். இளகின ஐஸில அரை அங்குல ஆரம் ஆழமா வெட்டி வேகத்தைக் குறைக்கும், எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது ⅝ நல்லம். மினியாபொலிஸ் மாதிரி இறுகின ஐஸில அதுக்கு நேர்மாறு, ஆழம் இல்லாட்டி வழுக்கும். ரெண்டு சோடி பிளேட் தீட்டி வைச்சிருந்து வோம்-அப்பில பார்த்து மாத்துறதுதான் புத்தி.

ட்ரேட்டும் வெளிமைதானமும் ஒண்டாச் சேர்ந்த இடம் போன சீசன். டிசம்பர் 14, 2024 அண்டைக்கு காம் ஃபௌலரை அனஹைம் செயின்ட் லூயிஸுக்குக் குடுத்தது. 6.5 மில்லியனில 2.5ஐ அனஹைம் வைச்சுக்கொண்டது. அந்த மாசம் 31ந் திகதி ரிக்லி ஃபீல்டில செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் சிகாகோவை 6-2 எண்டு அடிச்சுது. ஃபௌலர் ரெண்டு கோல், அது அவற்றை ஆயிரமாவது ஆட்டம். மார்ச் வரைக்கும் உண்டியலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்திருந்தால் ப்ளூஸுக்கு அந்த மூண்டு மாசப் பாயிண்ட் ஆர் குடுக்கிறது?

நாலாவது_லைன்:

ஸ்காபரோ அண்ணா, பக்கம் மாத்தற விஷயம் எனக்குத் தெரியாது. பாயிண்ட் பத்தின என் கோபம் பாதி குறைஞ்சது. கணக்கன் சார், ஒண்ணு விட்டுட்டீங்க. போன வருஷம் பாந்தர்ஸ் காயப் பட்டியலை வச்சு ஆள் சேர்த்தாங்களே, இந்த வருஷமும் யாராவது அதையே செய்வாங்களா?

கேப்_கணக்கன்:

அந்த வழியை நல்லாவே அடைச்சுட்டாங்க. போன சீசன்ல டக்கச்சக் எல்டிஐஆர்ல இருந்தப்போ அவரோட 9.5 மில்லியன் இடத்தை வச்சுத்தான் சேத் ஜோன்ஸ், மார்ஷண்ட் ரெண்டு பேருக்கும் கணக்கு சரிக்கட்டினாங்க. ஜோன்ஸுக்கு சிகாகோ வருஷத்துக்கு 2.5 மில்லியன், மார்ஷண்டுக்கு பாஸ்டன் பாதி. ப்ளேஆஃப் முதல் ஆட்டத்துல டக்கச்சக் இறங்கி ரெண்டு கோல் போட்டார். ப்ளேஆஃப்ல அப்போ கேப்பே கிடையாது.

இந்த சீசன்ல இருந்து ப்ளேஆஃப்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் களமிறங்கற 20 பேரோட கேப் ஹிட்டைக் கூட்டணும். அதோட டீம் மேல ஏற்கனவே இருக்கற ரிடென்ஷன், பைஅவுட் (காசு கொடுத்து ஒப்பந்தத்தை முடிச்சது) மாதிரி செத்த பணத்தையும் சேர்த்து 95.5 மில்லியன் கேப்புக்குள்ள நிக்கணும். ஆளை வாங்கலாம், ஆனா எல்லாரையும் ஒரே ராத்திரியில இறக்க முடியாது. எல்டிஐஆர்லயும், ஆள் இந்த சீசனே திரும்பி வரமாட்டார்னா மட்டும்தான் முழு இடம். திரும்பி வருவார்னா லீக்கோட போன வருஷச் சராசரிச் சம்பளம் அளவுக்குத்தான் மாற்று ஆள் எடுக்கலாம், அது 4 மில்லியனுக்கும் கீழ.

ஸ்காபரோ சொன்ன ஃபௌலர் விஷயத்துல நான் தோத்துட்டேன்னு வச்சுக்குங்க, ஆனா பாதிதான். ப்ளூஸ் கொடுத்தது 2027 ரெண்டாவது சுற்றும் ஒரு இளம் டிஃபென்ஸ்காரரும். சின்ன விலை, ரிடென்ஷனும் உண்டு, ஒப்பந்தம் அடுத்த வருஷமும் இருந்தது. அப்படி ஒண்ணு டிசம்பர்ல கிடைச்சா எடுத்துடணும். வாடகைக்கு வர்ற ஆளுக்கு, அதாவது சீசனோட ஒப்பந்தம் முடியறவருக்கு, அவசரப்படாதீங்கன்னுதான் நான் சொல்றேன்.

ஐஸ்_மேஸ்திரி:

ஸ்காபரோ, பிளேட் விஷயத்துல ஒரு சேர்க்கை. வெளிமைதானத்துல வோம்-அப்ல இருக்கற ஐஸ் மூணாவது பீரியட்ல இருக்காது. வெயில் இறங்கினதும் ஐஸ் கிடுகிடுன்னு இறுகும். சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பிக்கற ஆட்டம்னா முதல் இடைவேளையில மாத்தறதுக்குத்தான் அந்த ரெண்டாவது சோடி. மயாமியில அது வேண்டியிருக்காது, ராத்திரி ஆட்டம், கூரை திறந்ததும் இளகத்தான் செய்யும். ⅝ஓட இறங்கினவங்க மாத்தாம முடிச்சுடலாம்.