கணினியை அணைத்தாலும் 3389 போர்ட் திறந்திருப்பதாகக் காட்டுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கணினியில் எந்தெந்த போர்ட் (இணைய இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சோதிக்கும் தளம் ஒன்றில் பார்த்தேன். 3389 திறந்திருக்கிறது என்கிறது. அது ரிமோட் டெஸ்க்டாப்புக்கான, அதாவது வேறிடத்திலிருந்து கணினியை இயக்கும் வசதிக்கான போர்ட். கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு உள்ளே நுழையப் பார்ப்பவர்கள் முதலில் குறிவைப்பவற்றில் அதுவும் ஒன்று. அப்பாவின் கடைக் கணக்கு முழுக்க இந்தக் கணினியில்தான் இருக்கிறது, அதனால் பயமாக இருக்கிறது.

ஊர் திருநெல்வேலி. விண்டோஸ் 11 ஹோம். இந்தப் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்கும் வசதியே கிடையாது. ஃபைபர் இணைப்பு, ரவுட்டர் இணைய நிறுவனம் கொடுத்தது. போன மாதம் இந்த இணைப்புக்கு மாறிய பிறகுதான் இப்படி.

கணினியில் திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். 135, 445 இரண்டும் லிஸனிங் (இணைப்புக்காகக் காத்திருப்பவை) என்று வருகின்றன. 445க்கு நேரே பிஐடி (நிரலின் அடையாள எண்) 4, அதாவது விண்டோஸ் சிஸ்டமே. 3389 பட்டியலிலேயே இல்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே அனுப்பும் அமைப்பு) காலி, நிரல்கள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யூபிஎன்பியையும் அணைத்தாயிற்று. சரி என்று கணினியை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் மொபைலிலிருந்து சோதித்தேன். அப்போதும் திறந்திருப்பதாகவே காட்டியது!

இன்னொன்று: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க இணைய முகவரி) 100.72 என்று தொடங்குகிறது, சோதனைத் தளம் காட்டுவது வேறு ஐபி. 100.64 முதல் 100.127 வரையிலானவை, பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுக்க நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்துபவை என்று படித்தேன். வாடிக்கையாளர் சேவையிலோ ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு சரி.

அந்தத் தளம் சோதிப்பது என் ரவுட்டரையா, நிறுவனத்தின் பொது ஐபியையா என்று வீட்டிலிருந்தே உறுதி செய்வது எப்படி?