ஒன்றியப் பள்ளியில் விழுந்தது பூச்சா, கூரையா?

புதுவயல் பக்கம்:
"கொஞ்சம் பூச்சு உதிர்ந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஒன்றியப் பள்ளியில் மேலிருந்து கட்டி விழுந்த அந்த நாலாம் வகுப்பறையில்தான் என் மகள் படிக்கிறாள். திங்கட்கிழமை பிள்ளைகள் பிரேயருக்கு வெளியே நின்றபோது விழுந்தது. பத்து நிமிடம் கழித்து விழுந்திருந்தால் நேர் கீழே என் பிள்ளை உட்கார்ந்திருப்பாள். கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சோற்றுத் தட்டு அகலம், இரண்டு இஞ்ச் கனம், உள்ளே கருங்கல் ஜல்லி. கம்பி பதிந்திருந்த பள்ளம் முழுக்கத் துரு. கூரைதான் விழுந்தது.

ஓய்வுபெற்ற டீச்சர்:
எழுதியது நான்தான். ஒன்றியப் பள்ளிகளிலேயே என் காலம் போனது. எது பூச்சு, எது கூரை என்று எனக்கும் தெரியும். அந்த அறைக்கு மூன்று முறை மேலே மேலே பூசியிருக்கிறார்கள், அதனால்தான் அந்தக் கனம். கூரை விழுந்தது என்று கிளப்பிவிட்டால் நாளைக்கே பூட்டிவிடுவார்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகு பழுதான கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். நான் இருந்த பள்ளியிலும் இரண்டு வகுப்பறை போனது. பிள்ளைகள் ஒன்றரை வருடம் சத்துணவுக் கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்தார்கள். புகையில் கண் எரிய எரியப் படித்த பிள்ளைகளை நீங்கள் பார்த்ததில்லை.

சென்ட்ரிங் மேஸ்திரி:
டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பூச்சுக்குள் ஜல்லி எப்படி வந்தது? சிமெண்டும் மணலும்தான் பூச்சு. கூரை அடியில் கால் இஞ்ச் பூசுவோம், மூன்று முறை பூசினாலும் முக்கால் இஞ்ச். ஜல்லி இருந்தால் அது கான்கிரீட்.

கோட்டைவீட்டுப் பேரன்:
சிமெண்டை நம்பினால் இந்தக் கதிதான். எங்கள் ஐயா கட்டிய வீடு கானாடுகாத்தானில் இன்றும் நிற்கிறது. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், கை வைத்தால் வழுக்கும். வள்ளல் அழகப்பச் செட்டியார் தன் நிலத்தையும் பணத்தையும் கொடுத்துக் கல்லூரி கட்டிய மண் இது. அரசாங்கம் கட்டியதுதான் முப்பது வருடத்தில் கொட்டுகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
சென்னையில் உட்கார்ந்து ஐயா வீட்டுப் பெருமை பேசுகிறீர்கள். அதைத் திறந்து எத்தனை வருடம் ஆயிற்று? பூட்டிப் போட்ட வீடுகளின் கதவு நிலையும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்குக் கிடக்கின்றன. சுண்ணாம்பாக இருந்தாலும் பார்க்க ஆளில்லாவிட்டால் ஒழுகத்தான் செய்யும்.

கோட்டைவீட்டுப் பேரன்:
எங்கள் வீட்டுத் தூண் எதுவும் விலைக்குப் போகவில்லை. ஊருணி தூர்வார நான் கொடுத்த பணத்துக்கு நீங்கள் இன்னும் கணக்குக் காட்டவில்லை. அதை முதலில் சொல்லுங்கள்.

சென்ட்ரிங் மேஸ்திரி:
ஊருணியை அப்புறம் பேசுங்கள். செவ்வாய்க்கிழமை நான் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தேன். வேப்பஞ்சருகு குவிந்து தண்ணீர் போகிற குழாய் அடைத்துக் கிடக்கிறது. சருகுக்குள் பிள்ளைகள் தொலைத்த பந்து ஒன்று. ஐப்பசி மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று என் முழங்கை உயரம். மாடித் தரையில் பதித்த தட்டை ஓடு பிளந்திருக்கிறது. அந்தப் பிளவில் இறங்கும் தண்ணீர் கம்பியைத் தொட்டால் கம்பி துருவேறி உப்பும். உப்பினால் கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிடும். கம்பிக்குக் கீழே அதை மூடுகிற கான்கிரீட், கவர் என்போம், முக்கால் இஞ்சாவது விட வேண்டும். அங்கே தொங்குகிற கம்பியைப் பார்த்தால் அரை இஞ்ச் கூட விடவில்லை. சருகு அள்ள ஒரு ஆள், அரை நாள் கூலி. அதைச் செய்யாமல் விட்டதால் வந்த வினை இது.

புதுவயல் பக்கம்:
இதே காரைக்குடியில்தான் செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1953இல் திறந்தார்கள், அழகப்பர் 300 ஏக்கர் கொடுத்தார். இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது எப்படி என்று அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. பக்கத்திலேயே எங்கள் பிள்ளைகள் தலைக்கு மேல் கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற டீச்சர்:
யாரிடம் பணம் இருக்கிறது, சொல்லுங்கள். 64 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். சாக்பீஸ், பினாயில், கரண்ட் பில், உடைந்த குழாய் எல்லாம் அதற்குள். பள்ளி கல்வித்துறையில், கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம். ஒரு ஆணி அடிக்கவும் தலைமையாசிரியை கடிதம் எழுத வேண்டும். நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் என் இடுப்பு உயரம் வரும்.

தேவகோட்டை ரஸ்தா:
2022இல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளிக் கட்டடங்களுக்கு ஐந்தாண்டுக்கு 7,000 கோடி அறிவித்தார்களே, அதில் கேட்க வேண்டியதுதானே?

சென்ட்ரிங் மேஸ்திரி:
அதற்குத்தான் இவ்வளவு கத்துகிறேன். பார்க்க வந்த அதிகாரி 'மேற்பூச்சு உதிர்வு' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பூச்சு என்று காகிதத்தில் ஏறிவிட்டால் ஒரு மூட்டை சிமெண்டில் ஒட்டுப்போட்டு வெள்ளையடித்துக் கணக்கை முடிப்பார்கள். துருவேறிய கம்பி உள்ளேயே இருக்கும். அடுத்த மழைக்கு ஒட்டோடு சேர்ந்து விழும். கான்கிரீட் என்று எழுதினால்தான் கம்பியைச் சுரண்டிப் பார்ப்பார்கள், முட்டுக் கொடுப்பார்கள், இல்லை இடிப்பார்கள். டீச்சர் பூச்சு பூச்சு என்று எழுதுவது அவர்களுக்குத்தான் வசதி. கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ஜல்லி எப்படி வந்தது?

ஓய்வுபெற்ற டீச்சர்:
நான் யாருக்கு வசதி செய்கிறேன்? அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள். தண்ணீர்த் தொட்டி கட்டுகிற வேலை உங்களுக்கு வராமல் போனதிலிருந்து அந்தப் பள்ளிமேல் உங்களுக்கு வருத்தம். ஊருக்கே தெரியும்.

சென்ட்ரிங் மேஸ்திரி:
தொட்டி வேலை வராததில் வருத்தம்தான், மறைக்கவில்லை. அதற்கும் ஜல்லிக்கும் என்ன சம்பந்தம்? என் அண்ணன் மகன் அங்கே இரண்டாம் வகுப்பு.

கோட்டைவீட்டுப் பேரன்:
செங்கல் ஜல்லியாக இருக்கலாம். அந்தக் காலத்தில் மேல்தளத்துக்குச் சுண்ணாம்போடு அதைத்தான் போடுவார்கள்.

புதுவயல் பக்கம்:
கருங்கல் ஜல்லி என்று முதலிலேயே எழுதிவிட்டேன். செங்கலுக்கும் கருங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் என்று சட்டம் சொல்கிறது. நானும் அதில் ஒருவன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் 'கூரைக் கான்கிரீட்' என்று தீர்மானம் எழுதச் சொல்வேன். எழுதாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
எழுதுங்கள். 64 பிள்ளைகளையும் எங்கே உட்கார வைப்பது என்றும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள் தம்பி.

தேவகோட்டை ரஸ்தா:
பேரன் வீட்டு முகப்பிலேயே நூறு பேர் உட்காரலாம். சாவி தருவாரா?

கோட்டைவீட்டுப் பேரன்:
அது பதினோரு பங்காளிகள் வீடு, என் ஒருவன் சாவி இல்லை. ஊருணிக் கணக்கு என்ன ஆயிற்று?

சென்ட்ரிங் மேஸ்திரி:
அந்தக் கட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது, தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருக்கிறேன். டீச்சர் வந்து பார்க்கலாம். கருங்கல் ஜல்லி, முக்கால் இஞ்ச் சைஸ். எண்ணிப் பார்த்தேன், மேலே தெரிவதே 23.

ஓய்வுபெற்ற டீச்சர்:
அது அந்த அறையில் விழுந்ததுதான் என்பதற்கு என்ன சாட்சி?