பாக்கெட்டில் மல்டி டூல்: தினமும் சுமக்கிற அளவுக்கு உபயோகம் இருக்கிறதா?

வழிநடை_32:
பிறந்தநாளுக்கு நண்பர் ஒரு மல்டி டூல் கொடுத்தார். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், விரித்தால் குறடு, அதற்குள்ளேயே கத்தி, அரம், திருப்புளி எல்லாம் இருக்கிறது. இரண்டு வாரமாக பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைகிறேன். நல்ல கனம், உட்கார்ந்தால் தொடையில் குத்துகிறது. இதுவரை பார்சல் பிரிக்க ஒரு தடவை, நாற்காலி ஸ்க்ரூவை முடுக்க ஒரு தடவை, அவ்வளவுதான் வேலை வந்தது. நீண்ட நாளாக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், உண்மையில் எதற்கெல்லாம் எடுக்கிறீர்கள்? இல்லை, மேசை டிராயரில் போட்டுவிடலாமா?

திருகாணி:
டிராயரில் போட வேண்டாம், போட்டால் அதோடு மறந்துவிடுவீர்கள். பத்து வருடத்துக்கும் மேலாக என் பாக்கெட்டில் ஒன்று இருக்கிறது, அதில் நான் அதிகம் எடுப்பது கத்தியை இல்லை, கத்தரிக்கோலைத்தான். சட்டையில் தொங்கும் நூல், புதுத் துணியின் சீட்டு, மாத்திரை அட்டை, பிளாஸ்திரி என்று ஏதாவது ஒன்று தினமும் வந்துவிடும். அதற்கு அடுத்தது திருப்புளி. மூக்குக் கண்ணாடியின் ஸ்க்ரூ, பொம்மையின் பேட்டரி மூடி, ஆடுகிற கதவுக் கைப்பிடி. விரலில் சிராய் ஏறிவிட்டால் சாமணம்.

கணக்குப் பார்த்தால் எல்லாமே ஒரு நிமிட வேலைதான். ஆனால் வீட்டில் டூல் பாக்ஸ் பரண்மேல் இருக்கும், அதை இறக்கச் சோம்பல்பட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்ட ஸ்க்ரூ ஆடி ஆடி மறை தேய்ந்து, கடைசியில் அந்த ஓட்டையில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. கையிலேயே இருந்தால் ஆடுவதைப் பார்த்த அந்த நிமிடமே முடுக்கிவிடுகிறோம், எனக்கு இதுதான் பெரிய லாபம். ஒன்று மட்டும், குறடு கையில் இருக்கிறதே என்று மின் ஒயரில் வைத்துவிடாதீர்கள். பிடி முழுக்க உலோகம், நேராக ஷாக் அடிக்கும்.

பழைய_அரம்:
உங்களிடம் இருப்பது நல்ல கருவிதான், உங்கள் வேலைக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. சுவிஸ் ராணுவத்துக்கு 1891-இல் வந்த மடக்குக் கத்தியில் நான்கே நான்குதான்: கத்தி, டின் திறப்பான், திருப்புளி, குத்தூசி. சிப்பாய் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும், டின் உணவைத் திறக்க வேண்டும், அவனுக்கு அது போதும். பின்னாளில் விக்டோரினாக்ஸ் என்று பெயர் பெற்ற கத்தி நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் எல்செனர், 1897-இல் ஒரே வில்லில் (ஸ்பிரிங்கில்) இரண்டு பக்கமும் கருவிகள் நிற்கிற மாதிரி செய்தபிறகுதான் கனம் கூடாமல் உள்ளே கூடுதலாகச் செருக முடிந்தது. குறடு வந்தது ரொம்பப் பின்னால். டிம் லெதர்மேன் 1975-இல் ஐரோப்பாவில் ஒரு பழைய காரில் சுற்றியபோது கையில் கத்தி இருந்தது, ஆனால் அடிக்கடி தேவைப்பட்டது குறடு. இரண்டையும் சேர்த்துச் செய்த கருவிக்கு 1980-இல் காப்புரிமை வாங்கினார், 1983-இல்தான் அது விற்பனைக்கு வந்தது.

ஆக, வண்டி, சைக்கிள், கம்பி என்று கை வைப்பவருக்குக் குறடு வேண்டும். மேசை வேலை பார்ப்பவருக்கு, மடக்கினால் 58 மில்லிமீட்டர் நீளம் வரும் சாவிக்கொத்துக் கத்தி போதும். சுமார் 20 கிராம்தான், கத்தி, கத்தரி, நக அரம், சாமணம் இருக்கும், பாக்கெட்டில் இருப்பதே தெரியாது.

சிறுதுளி:
இன்னும் இரண்டு மூன்று விஷயம். சிறிய கத்திகள் பலவற்றில் பூட்டு கிடையாது, வில் மட்டும்தான் பிடித்திருக்கும். நுனியால் குத்தித் துளைக்கப் போனால் மடங்கி விரலில் இறங்கும், எனக்கு ஒரு தடவை தையல் போடுகிற அளவுக்கு இறங்கியது. கத்தி நுனியால் எதையும் நெம்பாதீர்கள், உடைந்துவிடும். விமானப் பயணம் என்றால் முந்தைய இரவே எடுத்து செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் மறந்து வைத்து ஒன்றைச் சோதனையில் இழந்திருக்கிறேன். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் இல்லாமலே வைத்திருக்கலாம், பூட்டு இருந்தால் தகுந்த காரணம் வேண்டும். மூட்டில் பஞ்சு சேர்ந்து இறுகிப்போனால் வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

வழிநடை_32:
எல்லோருக்கும் நன்றி. குறடு இனி வண்டியில் இருக்கும், பாக்கெட்டுக்குச் சின்னது ஒன்று வாங்கப் போகிறேன். திருகாணி, இன்று என் கண்ணாடி ஸ்க்ரூவை முடுக்கிப் பார்த்தேன், திருப்புளி நுனி பெரிதாக இருக்கிறது, உள்ளே இறங்கவே இல்லை. உங்களுக்கு எப்படி முடிகிறது?

திருகாணி:
சாதாரண நுனி இறங்காது. கார்க் திருகி (பாட்டில் தக்கையை எடுக்கும் சுருள் கம்பி) உள்ள விக்டோரினாக்ஸ் கத்திகளில், அந்தச் சுருளுக்குள்ளேயே திருகி வைக்கிற மாதிரி ஒரு குட்டித் திருப்புளி இருக்கும். சில மாடல்களில் கூடவே வரும், இல்லையென்றால் தனியாகவும் கிடைக்கும். என்னிடம் இருப்பது அதுதான். நீங்கள் பார்க்கிற 58 மில்லிமீட்டரில் கார்க் திருகி கிடையாது, அதனால் கண்ணாடி போடுபவர் என்றால் கார்க் திருகி உள்ள 84 அல்லது 91 மில்லிமீட்டர் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.