புதுப்பிப்பு: என் போட்டு (படகு) ஜெட்டி தூண்ல உரசுற பிரச்சனை தீர்ந்துச்சு

பினாங்கு தெலுக் பஹாங் ஜெட்டில கட்டி வைக்கிற என் 22 அடி ஃபைபர் போட்டு தூண்ல உரசி பெயிண்ட் போகுது, எந்த ஃபெண்டர் (போட்டு பக்கவாட்டுல இடி தாங்க தொங்கவிடுற மெத்தை) வாங்கலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

நீங்க சொன்ன சைஸ் கணக்கு சரிதான், போட்டு நீளத்துல ஒவ்வொரு 4, 5 அடிக்கும் ஃபெண்டர் 1 இஞ்சு விட்டம், அதனால பழைய 4 இஞ்சை தூக்கிட்டு 6 இஞ்சு உருளை மூணு வாங்கினேன். ஆனா அது மட்டும் பத்தல. தண்ணி ஏறி இறங்குறப்போ போட்டு முன்ன பின்ன ஆடும்ல, அப்ப ஃபெண்டர் தூண விட்டு உருண்டு விலகிடுது, திரும்ப ஃபைபர்தான் அடி வாங்குது.

கடைசில கை கொடுத்தது ஒரு அண்ணன் சொன்ன பலகை ஐடியாதான். ரெண்டு ஃபெண்டர தொங்கவிட்டு அதுக்கு வெளிப்பக்கம் குறுக்கால ஒரு நீளப் பலகைய கட்டிட்டேன், இப்ப தூண் பலகையிலயே தேயுது, போட்டு மேல படல. கயித்த ரெய்லிங்ல கட்டாதீங்க, கிளீட்ல (போட்டுல கயிறு கட்டுறதுக்குன்னே இருக்கிற கொம்பு) கட்டுங்க, ரெய்லிங் ஆடிப்போயிடும்.

எதிர்பார்க்காத ஒண்ணு: ஃபெண்டர்ல ஒட்டின மணலும் சிப்பித் துணுக்கும் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சு, பளபளப்பா இருந்த எடத்துல உள்ளங்கை அளவு மங்கிப்போச்சு. இப்ப ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில கழுவிட்டுதான் தொங்கவிடுறேன்.