மழையைப் பற்றி எழுதச் சொன்னால் பன்னிரண்டு பேரும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்)

எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிறுதோறும் 10 முதல் 14 வயது வரையுள்ள பன்னிரண்டு பிள்ளைகளோடு ஓர் எழுத்துக் குழு நடத்தி வருகிறேன். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளரும் இவர்கள் வாய் திறந்தால் கதை கொட்டுகிறது. காகிதத்தைக் கொடுத்தாலோ, ‘மழை நமக்கு இன்றியமையாதது’ என்றே அத்தனை பேரும் தொடங்குகிறார்கள். ஜூன் 19 வாசிப்பு நாளன்று தாங்கள் எழுதியதைத் தாங்களே படித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. தேர்வு வாடை இல்லாத விளையாட்டுப் பயிற்சிகள் இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

டீச்சருக்கு வணக்கம். நிரோட்டத்தை முயன்று பாருங்கள். உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடும் சித்திரகவி, அதாவது எழுத்துகளைக் கட்டுப்படுத்தி விளையாடும் செய்யுள் வகை, அது. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மேல் ஓர் அந்தாதியையே இப்படிப் பாடியிருக்கிறார். ப, ம, வ வரிசைகளும் உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்களும், அவை ஏறிய எழுத்துகளும் வரக் கூடாது. ஒருவர் படிக்கும்போது மற்றவர்கள் அவர் உதட்டையே கவனித்துப் பிழை பிடிக்கலாம். சிறியவர்களுக்குச் சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரத்தை விட்டுக்கொடுங்கள். அதை ஒலிக்கும்போது உதடு அவ்வளவாகக் குவிவதில்லை.

இந்த விதிக்குள் ‘மழை’ என்ற சொல்லுக்கே இடமில்லை. அம்மா, பூ, வீடு எல்லாம் போய்விடும். பாட்டி போய் ஆத்தா வருவாள், மழை போய்ச் சாரல் வரும். என் மகள் அகராதியைப் புரட்டிக் ‘கார்’ என்றால் மேகம் என்று கண்டுகொண்டு, மழைக்குக் ‘காரின் கண்ணீர்’ என்று எழுதினாள்.

மறுமொழி 2 (மூணாறு)

ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்கும் அந்தாதிக் கதையை எங்கள் எஸ்டேட் பிள்ளைகளிடம் நடத்தி, முதல் வாரம் தோற்றேன். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிவதால், ‘வந்தான்’, ‘போனாள்’ என்ற இடத்திலேயே கதை நின்றுவிட்டது. பெயர்ச்சொல்லில்தான் முடிக்க வேண்டும் என்று விதியைத் திருத்திய பிறகு அது ஓடத் தொடங்கியது: ‘லயத்து வாசலில் நின்றது ஒரு காட்டெருமை.’ (லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு.) ‘காட்டெருமையின் கொம்பில் தொங்கியது அத்தையின் கம்பளி.’

மறுமொழி 3 (வாளையார்)

பிள்ளைகளின் இரண்டு மொழிகளையும் தடையாக எண்ணாதீர்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், பனி என்றால் காய்ச்சல், மதி என்றால் போதும். ‘ஊரெல்லாம் பனி’ என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் மருந்துப் பெட்டியோடு ஓடி வருவதாக ஒரு கதையை அவர்களே தொடரட்டும். இந்த விளையாட்டுக்கு நம் எல்லைப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று நிரோட்டத்தில் தொடங்கினோம். தன் பெயரில் ‘மு’ இருப்பதால் அதை எழுத முடியாமல் தவித்த ஒரு பையன், கடைசியில் எழுதிக் காட்டியது இது: ‘சாரலில் நான் நனைந்தேன், ஆத்தா கண்டித்தாள்.’ இதற்குமுன் அவன் எழுத்தில் ‘நான்’ என்ற சொல்லை நான் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு அந்தாதிக் கதை.