இடது ஸ்பீக்கர் வந்து வந்து போகிறது, புது செட்டே வாங்கிவிடலாமா? (கீழக்கரை)

தென்கடல்காரன்:
எல்லோருக்கும் சலாம். வீடு கீழக்கரையில், கடலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் இரண்டே தெரு. வாப்பா 2006-ல் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருக்கிறது. நாகூர் ஹனிபாவும் பழைய சினிமாப் பாட்டும்தான் அவருக்கு எல்லாம். ஒரு மாதமாக இடது பக்கம் சரியில்லை. வால்யூமை நன்றாக ஏற்றினால் சட்டென்று வந்துவிடும், ராத்திரி குறைத்து வைத்தால் மறுபடி போய்விடும். ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன், மூடியைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு, ஸ்பேர் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, அட்டையில் 12,000 வாட்ஸ் என்று போட்ட ஹோம் தியேட்டரைக் காட்டினார். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கவா, மதுரைக்குப் போகவா, இல்லை அடுத்த மாதம் துபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிடவா? ஹால் 14-க்கு 18 அடி, டைல்ஸ் தரை.

சவுண்டு பைத்தியம்:
அந்த 12,000 என்பது பி.எம்.பி.ஓ. கணக்கு, ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்கிற உச்ச பவர், அதாவது கணக்கே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பின்னால் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று பாருங்கள், 60 வாட்ஸ், 80 வாட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். சுவரிலிருந்து 80 வாட்ஸ் வாங்குகிற பெட்டி 12,000 வாட்ஸ் எங்கிருந்து கொடுக்கும், உள்ளே ஜின் ஏதும் உட்கார்ந்திருக்கிறதா? ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கிற பவர், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியையும் (கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற கணக்கு) கேளுங்கள், இதை யாரும் கேட்பதில்லை. 86 டெசிபல் ஸ்பீக்கர் கொடுக்கிற சத்தத்தை 89 டெசிபல் ஸ்பீக்கர் பாதி பவரிலேயே கொடுத்துவிடும். உங்கள் ஹாலுக்கு நல்ல 40 வாட்ஸ் தாராளம்.

பழைய ரேடியோ மெக்கானிக், ராமநாதபுரம்:
தம்பி, பணத்தை எடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. சத்தம் கூட்டினால் வருது, குறைத்தால் போகுது என்றால் எனக்கு முதலில் ரிலே மேல்தான் சந்தேகம், உள்ளே தானாகப் போட்டு அணைக்கிற சின்ன சுவிட்ச் அது. ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து இரண்டு மூன்று நொடி கழித்து உள்ளே "டக்" என்று கேட்கிறதா? அதுதான் அது. ஸ்பீக்கருக்குப் போகிற கரண்ட் அதன் காண்டாக்ட் வழியாகத்தான் போகிறது. நம்ம உப்புக் காற்றில் அங்கே கருப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். சின்ன சத்தத்துக்கு ஓடுகிற கரண்ட்டால் அதைத் தாண்ட முடியாது, பெரிய சத்தம் என்றால் பொத்துக்கொண்டு போய்விடும். ஆனால் நான் சொல்கிறேன் என்று நம்பாதீங்க. செட்டை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பின்னால் இருக்கிற ஸ்பீக்கர் ஒயர்களை இடது வலது மாற்றிப் போடுங்க. கோளாறு வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. அப்புறம் ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு வருகிற பின்னையும் இடது வலது மாற்றிச் செருகிப் பாருங்க. அப்போதும் கோளாறு இடத்தை விட்டு அசையவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயருக்குள்தான். நீங்களே திறக்க வேண்டாம், அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

பாம்பன் கரை:
அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டு ஸ்பீக்கரின் முன்வலையையும் கழற்றிப் பாருங்கள். கோனை, அதாவது நடுவில் அதிர்கிற கூம்பை, சுற்றி நுரை வளையம் இருந்தால் இருபது வருடத்தில் அது மாவாகியிருக்கும். புதிதாக வாங்கினால் ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒயருக்கு நான் படகுக்கு வாங்குகிற வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரையே வீட்டிலும் போட்டிருக்கிறேன், பச்சை பிடிப்பதில்லை. மச்சானிடம் ஸ்பீக்கர் சொல்லாதீர்கள். ஒரு ஜோடி பதினைந்து கிலோ வந்துவிடும், லக்கேஜ் கோட்டா அதோடு காலி, வாரண்டியும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். வோல்டேஜ் தகராறு மட்டும் கிடையாது.

தென்கடல்காரன்:
அண்ணே, நீங்கள் சொன்னபடியே ஒயரை மாற்றினேன், கோளாறு வலது ஸ்பீக்கருக்குத் தாவிவிட்டது. பின்னை மாற்றினேன், நகரவே இல்லை. வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன், ரிலேவும் கூலியும் சேர்த்து 450 ரூபாய்! ராத்திரி பதினொரு மணிக்குச் சன்னமாக வைத்தாலும் இரண்டு பக்கமும் பாடுகிறது. ஆனால் பாம்பன்காரர் சொன்னதும் உண்மைதான், வளையத்தை விரல் நுனியால் தொட்டேன், நனைந்த ரஸ்க் மாதிரி கையோடு வந்துவிட்டது. ஆக ஸ்பீக்கர் மட்டும் வாங்க வேண்டும்.

சவுண்டு பைத்தியம்:
அப்படியென்றால் நேரில் கேட்காமல் வாங்காதீர்கள், மதுரைக்கே போங்கள். கடைக்காரர் போடுகிற பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும், அதற்கென்றே வைத்திருப்பார். உங்கள் பாட்டை பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஆம்ப்ளிஃபயர் பின்னால் எத்தனை ஓம் (மாட்டுகிற ஸ்பீக்கரின் மின்தடை) என்று எழுதியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், 8 ஓம் என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிச் சூடாக்க வேண்டாம்.

தென்கடல்காரன்:
போய்வந்தேன், வாப்பாவையும் கூட்டிக்கொண்டு. முதல் ஜோடியில் கடைக்காரர் பாட்டு அதிர்ந்தது, எனக்கும் ஆசைதான். ஹனிபாவைப் போட்டதும் கிணற்றுக்குள் நின்று பாடுவது போல இருந்தது, வாப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மூன்றாவது ஜோடிக்கு உட்கார்ந்தவர் எழவில்லை. 26,000 ரூபாய், ரப்பர் வளையம், 8 ஓம், 88 டெசிபல். வீட்டில் மாட்டினால் கடையில் கேட்ட தெளிவு இல்லை, கணகணவென்கிறது. என்ன செய்ய?

பாம்பன் கரை:
ஹால் நடுவில் நின்று கை தட்டுங்கள். திரும்பி வருகிறதா? அது டைல்ஸும் வெறும் சுவரும் செய்கிற வேலை. தரையில் தடித்த ஜமுக்காளம், எதிர் ஜன்னலுக்குத் திரை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள்.

தென்கடல்காரன்:
உம்மா கல்யாண ஜமுக்காளத்தைத் தர முதலில் சம்மதிக்கவில்லை. விரித்த பிறகு வித்தியாசம் தெரிகிறது, பாதி சரியாகிவிட்டது. திரை வெள்ளிக்கிழமை வாங்க வேண்டும்.

பழைய ரேடியோ மெக்கானிக், ராமநாதபுரம்:
நல்லது தம்பி. கச்சான் காற்று முடிகிற வரை தினமும் அரை மணி நேரமாவது பாட விடுங்க, அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. அணைத்துச் சூடு ஆறின பிறகு துணி போட்டு மூடலாம், ஓடும்போது மூடிவிடாதீங்க. பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டாம், வளையம் மட்டும் மாற்றினால் மொட்டைமாடிக்கு ஆகும்.